நான்கு மாதம் காத்திருந்து வாங்கிய கம்பூஸ்

ஜொகூரின் பாரம்பரிய இசை என்றதும் பலருக்கு ஸாப்பினும் கஸலும் நினைவுக்கு வரும். ஜொகூர் கஸல் குழுவில் இந்தியாவிலிருந்து வந்த ஆர்மோனியமும் தபேலாவும், அரபு நாடுகளின் வழி வந்த கம்பூஸும் ஒன்றாக ஒலிக்கின்றன. கம்பூஸின் மூத்த உறவு ‘ஊட்’. அரபு மொழியில் இச்சொல்லுக்கு மரம் என்று பொருள். ஊட் செய்வதையும் இசைப்பதையும் ஈரானும் சிரியாவும் முன்மொழிய, 2022ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் வட்டாரத்தில் இரண்டு வகைக் கம்பூஸ் உண்டு. ஒன்று, ஒரே பலாமரத் துண்டைக் குடைந்து, முகப்பில் ஆட்டுத்தோல் போர்த்தியது. மற்றொன்று, ஏமனின் ஹத்ரமவுத் பகுதியின் பெயரைத் தாங்கியது. மெல்லிய மரப்பட்டைகளைச் சூட்டில் வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பாதிப் பேரிக்காய் வடிவில் குடத்தை அமைப்பார்கள். முகப்பும் மரப்பலகைதான். இது ஏறக்குறைய ஊட் கருவியேதான்.

பலா என்றதும் எனக்கு வீணை நினைவுக்கு வந்தது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையும் பலாமரத்தில் செய்யப்படுவதே. ஆனால் வீணையில் 24 மெட்டுகள் உண்டு. ஊட்டில் ஒன்றுகூட இல்லை. வயலினைப் போல விரலை வழுக்கிச் சுரத்தை அசைக்கலாம். சிறுவயதில் வயலின் கற்ற எனக்கு இந்த ஆசை வந்ததற்கு அதுவே காரணம்.

பகுதிநேர வேலையில் 1,200 ரிங்கிட் சேர்த்திருந்தேன். “இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்குதே, மூனு நாள்ல வீட்டுக்கே வந்துடும்” என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். பதில் தேடி, தம்போயிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், வீட்டின் பின்புறத்திலேயே பட்டறை வைத்திருக்கும் ஒரு மூத்த கைவினைஞரிடம் போனேன். பாக் சிக் என்றுதான் அவரை அழைத்தேன். விலை பேசுமுன் ஒரு கருவியை என் மடியில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். என் கை எட்டும் தூரத்தைப் பார்த்த பிறகே, நான்கு மாதம் ஆகும் என்றார்.

அந்த நான்கு மாதத்தில் மூன்று முறை போய்ப் பார்த்தேன். கம்பிக் கருவி வாங்கும் மாணவர்களுக்கு, அங்கே கற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலில் தண்டியை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். வளைவோ முறுக்கலோ இருக்கக் கூடாது. தண்டி குடத்தோடு சேரும் இடத்தில் கம்பி மிக உயரமாக நின்றால், அழுத்தும் விரல் வலிக்கும், சுருதியும் விலகும். பிருடைகளைத் திருப்பிப் பாருங்கள். இறுகவும் கூடாது, தானாக நழுவவும் கூடாது. கைப்பேசி விளக்கை ஒலித்துளை வழியே உள்ளே அடித்து, ஒட்டுகளில் இடைவெளி உள்ளதா என்று கவனியுங்கள். குதிரை பலகையிலிருந்து சிறிதும் பெயர்ந்திருக்கக் கூடாது.

மரம் நன்றாக உலர்ந்ததா என்பது எல்லாவற்றையும் விட முக்கியம். மழையும் புழுக்கமும் நிறைந்த நம் நாட்டில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும். குளிர்சாதன அறையில் சுருங்கும். உலராத மரத்தில் செய்த கருவி சில மாதங்களிலேயே விரிசல் விடலாம். பாக் சிக் மரத்தை ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்திருந்ததை நேரில் கண்டேன். படத்தைப் பார்த்து வாங்கியிருந்தால் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

கருவி கைக்கு வந்த இரண்டாம் வாரமே ஒரு பிருடை இறுகிக்கொண்டது. எடுத்துச் சென்றேன். கழற்றி, சற்றே தேய்த்து, பத்து நிமிடத்தில் சரிசெய்தார், காசு வாங்கவில்லை. அப்பா அன்று என்னோடு வந்திருந்தார். திரும்பும்போது விலையைப் பற்றிப் பேசவில்லை, “அவருக்குப் பிறகு இதை யார் செய்வாங்க?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கருவி கேட்டு வருபவர் இருந்தால்தான் கற்க வருபவரும் இருப்பார். கோயில்களில் தபேலாவும் ஆர்மோனியமும் பயிலும் நம் மாணவர்களுக்கு, ஜொகூர் கஸலில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. அடுத்த கருவி வாங்குமுன், அதைச் செய்பவரின் பட்டறைக்கு ஒருமுறை போய் வாருங்கள்.