வழக்கொழிவு எச்சரிக்கையும் அதனைச் சோதிக்கும் முறையும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் யாவற்றையும் தாமே இயற்றுவதில்லை. பிறர் இயற்றி வைத்த செயற்கூறுகளின் தொகுதியை எடுத்தாளுவர். அத்தொகுதிக்கு நிரல் நூலகம் என்று பெயர். நூலகத்தார் பழைய செயற்கூறொன்றை நீக்க விரும்புவாராயின், ஒரே நாளில் அகற்றிவிடாது, "இது நீங்கவிருக்கின்றது, இதற்குப் பதிலாக இன்னதைக் கையாள்க" என முன்னரே அறிவித்தல் அவர்தம் கடமையாகும். நிரல் ஓடும்போதே தோன்றும் அவ்வறிவிப்பினை வழக்கொழிவு எச்சரிக்கை என்போம்.

அதன் இன்றியமையாமையைப் பைதான் மொழியின் வரலாற்றிற் காணலாம். அம்மொழியில் 'கலெக்ஷன்ஸ்' என்னும் தொகுதியிலிருந்த சில அடிப்படை வகுப்புகள், 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த 3.3 பதிப்பில் வேறோர் உட்பகுதிக்கு மாற்றப்பட்டன. எனினும், பழைய இடத்திலும் அவை கிடைத்துவந்தன. பழைய இடத்தை நாடுவோரை எச்சரிக்கும் ஏற்பாடு 2018-இல் வந்த 3.7 பதிப்பிலேதான் செய்யப்பட்டது. அதுவும் பயனர் நேரே இயக்கும் நிரலில் எழுந்தால் மட்டுமே தானாக வெளிப்படும். துணைநூலகங்களினுள் எழுமாயின் இயல்பாக மறைக்கப்படும். 2021-இல் வந்த 3.10 பதிப்பில் பழைய வழி அடைக்கப்பட்டது. அதுகாறும் பழுதின்றி ஓடியும், பழைய வழியை விடாதிருந்த நிரல்கள் புதிய பதிப்பில் நின்றுபோயின. தாம் ஓரெழுத்தும் மாற்றாதிருக்க, ஆய்வுக்குரிய கணக்கு திடீரென நின்றுபோகக் காணும் மாணாக்கர்க்கு இஃது எத்துணை இடர்!

ஆதலின், எச்சரிக்கையை எழுதிவைத்தல் மட்டும் போதாது. அது வேலை செய்கின்றதா என்பதையும் சோதித்தல் வேண்டும். சோதிக்கத்தக்கவை நான்கு.

முதலாவது, பழைய செயற்கூற்றை அழைத்தால் எச்சரிக்கை எழுகின்றதா? யூனிட்டெஸ்ட் கருவியின் 'அஸெர்ட்வார்ன்ஸ்', பைடெஸ்ட் கருவியின் 'வார்ன்ஸ்' ஆகியன இதற்கென்றே அமைந்தவை. எச்சரிக்கை எழாவிடின் சோதனை தோல்வியுறும்.

இரண்டாவது, புதியதை அழைப்போர்க்கு அது எழாதிருக்கின்றதா? நூலகமே உள்ளுக்குள் பழையதை அழைக்குமாயின், முறையாக நடப்போரும் வீணே எச்சரிக்கப்படுவர்.

மூன்றாவது, எச்சரிக்கை சுட்டும் வரி எது? 'ஸ்டாக்லெவல்' என்னும் எண்ணைத் தக்கவாறு அமைக்காவிடின், நூலகத்தின் உள்வரியே சுட்டப்படும். பயனர் தாம் திருத்தவேண்டிய இடத்தை அறியார்.

நான்காவது, பழைய செயற்கூறு நீங்குமளவும் முன்போலவே சரியான விடை தருகின்றதா? எச்சரிக்கையைச் சேர்க்கும் அவசரத்தில் விடை பிழைபட்டால், அளித்த தவணை பொருளற்றதாகும்.

நூலகத்தை எடுத்தாளுவோர்க்கும் ஒரு கடமையுண்டு. சோதனைகளை இயக்கும்போது எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே கொள்ளுமாறு பைதானைப் பணிக்கலாம். அங்ஙனம் செய்வார்க்குப் பழைய வழி அடைபடுமுன்னரே, திருத்தவேண்டிய வரிகள் புலனாகும். கூறாது நீக்குதல் நூலகத்தார் குற்றம். கூறியும் கேளாதிருத்தல் பயனர் குற்றம். நிரற்கலை பயிலும் நம் மாணவ நண்பர்கள் இவ்விரண்டினையும் விலக்கி, இப்பழக்கத்தை இளமையிலேயே மேற்கொள்வாராக.