ஆளில்லா வீடும் ஆளும் சட்டமும்

ஆளில்லாத வீட்டில் பேய் குடியேறும் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. ஜார்ஜ்டவுனில் பூட்டிக் கிடக்கும் கடைவீடுகளைப் பார்த்தால், அங்குக் குடியேறியிருப்பவை கொசுவும் எலியும் சுவரைப் பிளக்கும் ஆலங்கன்றும்தான். இவ்வீடுகளுக்குக் கேள்வி கேட்பார் இல்லையா? சட்டம் என்ன சொல்கிறது? சற்றே காண்போம்.

முதலில், இவற்றுள் பல வீடுகள் எப்படிக் காலியாயின என்பதை அறிய வேண்டும். 1948 ஜனவரி 31க்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயரவிடாமல் வைத்திருந்தது. அதனால் ஏழைகள் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது. ஆனால், சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர்கள் பலர் கூரையைக்கூட பழுதுபார்க்கவில்லை. 1997இல் அச்சட்டத்தை நீக்க முடிவாகி, 1999 டிசம்பர் 31உடன் குடியிருந்தோருக்கான பாதுகாப்பும் முடிந்தது. வாடகை பன்மடங்கு உயர்ந்தது, குடும்பங்கள் வெளியேறின. மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் மாடி அறையில் வாழ்ந்த என் தாத்தாவின் குடும்பமும், நான் பிறக்கும் முன்பே, அப்படித்தான் வெளியேறியது.

வீட்டைக் காலியாக வைத்திருப்பது குற்றமன்று. அது பிறருக்குத் தீங்கு செய்யும்போதுதான் சட்டம் தலையிடுகிறது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ், இடிந்து விழக்கூடிய கட்டடத்தைச் சீர்செய்யும்படி உரிமையாளருக்குப் பினாங்கு மாநகர் மன்றம் அறிவிப்பு அனுப்பலாம். அவர் செய்யாவிட்டால் மன்றமே செய்து, செலவை அவரிடமே வசூலிக்கலாம். கொசு பெருகினால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் பாயும். 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பிறகு, பாரம்பரிய வட்டாரத்தில் நினைத்தபடி இடிக்கவும் முடியாது.

மதிப்பீட்டு வரியிலும் ஒரு நுட்பம் உண்டு. காலி வீட்டுக்கு வரிக் கழிவு கோரலாம். ஆனால் வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும். நியாயமான வாடகைக்கு ஆள் தேடியிருக்கவும் வேண்டும். பாழாக விட்டவருக்குச் சலுகை இல்லை.

இத்தனை இருந்தும் வீடுகள் ஏன் பூட்டியே கிடக்கின்றன? உரிமையாளர் இறந்து, வாரிசுகள் பெயர் மாற்றாமல் பல ஊர்களில் சிதறியிருந்தால் அறிவிப்பு யாருக்குப் போய்ச் சேரும்? மேலும், நம் சட்டம் சுவரைக் காக்கச் சொல்கிறதே தவிர, உள்ளே மனிதர் வாழ வேண்டும் என்று சொல்வதில்லை. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டப்படி, நெடுநாள் காலியாக உள்ள வீட்டை நடுவர் மன்ற ஒப்புதலுடன் உள்ளூர் மன்றமே நிர்வகித்து வாடகைக்கு விடலாம். அத்தகைய வழி நமக்கும் தேவை என்பது என் கருத்து.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இந்த நகரில் பழைய கட்டடங்களுக்கு அருகே நம் முதியோர் இன்னும் வாழ்கின்றனர். மலாய்மொழியில் புகார் எழுதத் தயங்கி, ஒழுகும் சுவரோடு காலம் தள்ளுகின்றனர். தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசியப் பள்ளி வழியே பல்கலைக்கழகம் வந்த நமக்கு இரு மொழியும் கைவசம் உள்ளன. முகவரி, படம், தேதியோடு ஒரு பக்கப் புகாரை அவர்களுக்காக எழுதி, கொம்தாரிலுள்ள மாநகர் மன்ற அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கி வைப்போம். கற்ற மொழி பிறருக்குக் கூரையாகட்டும்!