பாட்டிலிருந்து குரலை உரித்தெடுப்பது

கரோக்கேவுக்குக் குரல் இல்லாத இசை வேண்டுமென்றால், முன்பெல்லாம் பரவலான வழி ஒன்று இருந்தது. ஸ்டீரியோ பாடல்களில் பெரும்பாலும் பாடகர் குரல் இடது, வலது இரண்டிலும் சம அளவில் இருக்கும். ஹெட்போனில் அது நடுமண்டையில் ஒலிப்பது அதனால்தான். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாக்கி மறுபக்கத்தோடு கூட்டினால், மேடும் பள்ளமும் சேர்ந்து, இரண்டுக்கும் பொதுவானதெல்லாம் அழிந்துவிடும். குரல் போகும். நடுவில் இருந்த பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் அடியும் கூடவே போகும். குரலின் எதிரொலி மட்டும் ஆவிபோல மிஞ்சும். மோனோ பதிவில் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் மிஞ்சுவது வெறும் நிசப்தம்.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே பாடிய கேசட் ஒன்றிலும் குரலைப் பிரிக்க முடியவில்லை. 1995-இல் மற்ற மூன்று பீட்டில்ஸும் அதை முழுப் பாட்டாக்க முயன்று கைவிட்டார்கள். பியானோ குரலை மூடியிருந்தது. மின்சார இரைச்சல் வேறு. பின்னர் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் குரலைத் தனியே எடுத்தது. 2023 நவம்பரில் அந்தப் பாட்டு 'நவ் அண்ட் தென்' என்று வெளிவந்தது. அந்த மூவரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் 2001-லேயே இறந்துவிட்டிருந்தார். 1995-இல் அவர் வாசித்த கிட்டார் அதில் இருக்கிறது. அந்தப் பாட்டு உருவான கதையைச் சொல்லும் குறும்படத்தில், பியானோ விலகி லெனனின் குரல் மட்டும் ஒலிக்கும் இடத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

குரலை இப்படித் தனியே எடுக்க எப்படி முடிகிறது? ஒலியை ஒரு படமாக விரிக்கலாம்: நேரம் கிடையாக, சுருதி நெடுக்காக. பியானோ சுரம் நேர்கோடாகத் தொடங்கி மங்கும். குரல் அடுக்கடுக்கான கோடுகளாக வளைந்து நெளியும். 'ஸ' வந்தால் உச்சியில் புகைபோலத் தூவும். குரலும் கருவிகளும் தனித்தனித் தடங்களாக உள்ள பாடல்களைக் காட்டிப் பழக்கினால், படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் குரலின் பங்கு எவ்வளவு என்று கணினி மதிப்பிடக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை மறைத்து, மீண்டும் ஒலியாக்குகிறார்கள். டீசர் நிறுவனம் 2019-இல் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் இவ்வகை. ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் டெமக்ஸ் தன் முதல் வடிவில் ஒலியலையையே நேராகப் படித்தது.

ஆனால் பழக்கிய பாட்டுகளின் சாயல் இந்த மென்பொருள்களில் ஒட்டியிருக்கும். பரவலாகப் பயன்படும் 'மியூஸ்டிபி18' தொகுப்பில் 150 பாடல்கள். பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். கர்நாடகக் கச்சேரியிலோ வயலின் பாடகரின் நிழலாக அதே சுரத்தில், அதே கமகத்தோடு வளைகிறது. படத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். அப்படிப்பட்ட பதிவைக் கொடுத்தால், குரல் தடத்தில் வயலினும் எளிதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.