வளைவில் குழாய் வைப்பது ஏன் கஷ்டம்?

போன வருஷம் ஓர் அம்மா என் கிளினிக்குக்கு வந்தார். வீட்டுக்காரருக்கு நெஞ்சுக்குள்ளே பெரிய இரத்தக் குழாய் வீங்கியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர்கள், “நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை வழியாகவே உள்ளே குழாய் வைத்துவிடலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் சந்தோஷம். “ஆனால் அதற்கு முன்னால் கழுத்தில் ஓர் ஆபரேஷன் செய்ய வேண்டும்” என்றதும் இவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கையெழுத்துப் போடாமலே தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

“டிரசர் ஐயா, வியாதி நெஞ்சில, குழாய் தொடையில, கத்தி மட்டும் கழுத்திலயா? ஆளை வச்சுப் பழகிப் பாக்குறாங்களோ?” என்று கேட்டார் அந்த அம்மா.

கேள்வி நியாயமானதுதான். அவருக்கு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, குடையின் கைப்பிடி மாதிரி இருக்கும். முதலில் மேலே ஏறும், பிறகு இடது பக்கமாகப் பின்னால் வளையும், அப்புறம் முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்கு இறங்கும். அகலம் சாதாரணமாக 2½ முதல் 3 சென்டிமீட்டர். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் அதற்குள் பாய்கிறது. பல வருஷம் கவனிக்காமல் விட்ட இரத்தக் கொதிப்பு, சிகரெட், வயது இவையெல்லாம் சேர்ந்தால் சுவர் பலம் குறைந்து, பழைய சைக்கிள் டியூப் மாதிரி ஓர் இடத்தில் புடைக்கும். அகலம் 5½, 6 சென்டிமீட்டர் என்று வந்துவிட்டால் வெடிக்கும் அபாயம் அதிகம். வெடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவே நேரம் இருக்காது.

இதற்கு வைக்கும் குழாயை ஸ்டென்ட் கிராஃப்ட் என்பார்கள். உறுதியான துணிக் குழாய், அதைச் சுற்றி விரிந்து நிற்கும் உலோகச் சுருள். மடக்கிய குடை போல ஒரு பென்சில் பருமனுக்குச் சுருக்கி, தொடை இரத்தக் குழாய் வழியாக மேலே ஏற்றி, வீங்கிய இடத்தில் விரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இரத்தம் துணிக் குழாய்க்குள் ஓடும், வீங்கிய சுவரில் அழுத்தம் விழாது. சோவியத் யூனியனில் இருந்த கார்கிவ் நகரத்தில் வோலோடோஸ் என்ற டாக்டர் 1987-இல் நெஞ்சுப் பகுதியில் இதைச் செய்தார். 1990-இல் அர்ஜென்டினாவில் பரோடி என்பவர் வயிற்றுப் பகுதியில் செய்தார். நேரான இடத்தில் இந்த வேலை நன்றாகவே பழகிப்போய்விட்டது. தொல்லையெல்லாம் வளைவில்தான்.

முதல் தொல்லை கிளைகள். நம் பம்பு ஹவுஸிலிருந்து வரும் பெரிய பைப்பில் மூன்று லயங்களுக்கும் கிளை பிரிவது போல, வளைவின் மேல் பக்கத்தில் மூன்று கிளைகள் பிரிகின்றன. முதலாவது வலது கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும். இரண்டாவது தலையின் இடப்பக்கத்துக்கு. மூன்றாவது இடது கைக்கு. அந்த மூன்றாவதிலிருந்தே மூளையின் பின்பகுதிக்கும் முதுகுத் தண்டுக்கும் கொஞ்சம் இரத்தம் போகிறது.

ஸ்டென்ட் கிராஃப்ட் நழுவாமலும் ஒழுகாமலும் நிற்க, வீக்கத்துக்கு முன்னாலும் பின்னாலும் குறைந்தது 2 சென்டிமீட்டர் நல்ல சுவர் வேண்டும். அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு வீக்கம் மூன்றாவது கிளையை ஒட்டியே ஆரம்பித்துவிட்டது. 2 சென்டிமீட்டர் வேண்டுமானால் துணி அந்தக் கிளையின் வாயை மூடித்தான் ஆக வேண்டும். சும்மா மூடினால் கை வலிக்கலாம், பக்கவாதம் வரலாம், சிலருக்குக் கால்கள்கூட செயலற்றுப் போகலாம். அதனால்தான் முதலில் இடது கழுத்து எலும்புக்கு மேலே சின்னதாகக் கீறி, இரண்டாவது கிளையிலிருந்து மூன்றாவதுக்கு ஓர் இணைப்புக் குழாய் தைக்கிறார்கள். ஒரு லயத்துக்கு வரும் பைப்பை அடைப்பதற்கு முன்னால் பக்கத்து லயத்திலிருந்து தண்ணீர் இழுத்துக் கொடுப்பது மாதிரிதான். கழுத்தில் கத்தி வைக்கும் இரகசியம் இவ்வளவே.

வேறு வழிகளும் உண்டு. கிளைக்குள்ளே ஒரு சின்னக் குழாயைப் பெரிய குழாய்க்குப் பக்கவாட்டில் புகைபோக்கி மாதிரி நிறுத்துவார்கள். இரண்டுக்கும் நடுவே இடுக்கு விழுந்தால் ஒழுகும். விரித்த துணியில் கை வழியாக ஊசியோ லேசர் கதிரோ விட்டு ஓட்டை போட்டுக் கிளையைத் திறப்பதும் உண்டு. கிளையோடு சேர்த்தே செய்த குழாயும் வந்துவிட்டது. ஒற்றைக் கிளை உள்ள ஒரு வகைக்கு 2022-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்யும் குழாய் வந்து சேர வாரக் கணக்கில் ஆகும், அவசரத்துக்கு உதவாது.

இரண்டாவது தொல்லை வளைவேதான். விறைப்பான குழாயை வளைவில் விரித்தால் வெளிப்பக்கம் ஒட்டும், உள்பக்கம் பறவை மூக்கு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சந்தில் இரத்தம் புகுந்து துணியை மடக்கிவிடலாம். வளைந்து கொடுக்கும் குழாயைத் தேர்ந்தெடுப்பதும், எக்ஸ்ரே கருவியைச் சரியான கோணத்தில் சாய்த்துப் பார்ப்பதும், தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்துவதும் இதற்காகத்தான்.

மூன்றாவது, இரத்தத்தின் வேகம். வெள்ளம் ஓடும் ஆற்றில் குடை விரித்தால் என்ன ஆகும்? குழாயும் அப்படித்தான், விரியும் நொடியில் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் கிளை அடைபடலாம். டாக்டர்கள் செய்யும் தந்திரம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு மெல்லிய மின்கம்பியால் இருதயத்தை நிமிஷத்துக்கு 180 தடவை போல, சில நொடிகளுக்கு மட்டும், ஓட வைக்கிறார்கள். அவ்வளவு வேகத்தில் இருதயம் நிரம்ப நேரமில்லை, அதனால் இரத்தம் வெளியே தள்ளப்படுவது குறைகிறது. அந்த நேரத்துக்குள் குழாயை விரித்துவிடுகிறார்கள்.

நான்காவதுதான் எல்லாரும் பயப்படுவது, பக்கவாதம். சுவரில் படிந்த அழுக்கைக் கம்பி உரசிவிட்டாலோ, மடித்த துணிக்குள் இருந்த காற்று கிளம்பினாலோ நேரே மூளைக்குப் போகும். அதனால் குழாயை உப்பு நீரால் கழுவுகிறார்கள். சில இடங்களில் முதலில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டுக் காற்றை விரட்டிவிடுகிறார்கள். அந்த வாயு இரத்தத்தில் சீக்கிரம் கரைந்துவிடும். இத்தனை செய்தும் அபாயம் அடியோடு போகவில்லை. டாக்டர் அதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல, சொல்ல வேண்டியது அவர் கடமை.

மூன்று கிளைகளையும் வீக்கம் பிடித்திருந்தால் பலருக்கு நெஞ்சைத் திறப்பதே நல்லது. உடம்பைக் குளிர வைத்து இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வளைவை மாற்றுவார்கள். ஹனோவர் நகரத்து டாக்டர் போர்ஸ்ட் 1983-இல் மாற்றுக் குழாயின் நுனியைக் கீழே தொங்கவிட்டு, அதற்கு யானைத் தும்பிக்கை என்று பெயர் வைத்தார். இன்று அந்தத் தும்பிக்கைக்குள்ளேயே ஸ்டென்ட் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள். கிழிப்பது போல நெஞ்சிலோ முதுகிலோ திடீர் வலி வந்தால் குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கலாம். மேலேறும் பகுதியில் கிழிந்தால் அன்றைக்கே ஆபரேஷன் வேண்டும். கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு வேலை முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. முன்பு இருதய பைபாஸ் செய்திருந்தால் சொல்லுங்கள், அந்த இரத்தம் பெரும்பாலும் மூன்றாவது கிளையிலிருந்துதான் வருகிறது. இடது கையில் டயாலிசிஸ் செய்பவர்களும் சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மா மறு வாரமே போய்க் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்காரர் இப்போது மாதா மாதம் என்னிடம் வருகிறார். ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்க வருஷா வருஷம் ஸ்கேன் உண்டு, கொதிப்பு மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. “குழாய்தான் வச்சாச்சே, மாத்திரை எதுக்கு?” என்று ஒரு தடவை நிறுத்திப் பார்த்தார், என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்கு இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கிறேன். இணைப்புக் குழாய் வைக்காமல் கிளையை மூடியவர்களுக்கு இடது கையில் கணக்கு குறைவாகக் காட்டும், அதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. எந்த கிளினிக்குக்குப் போனாலும் வலது கையை நீட்டி, விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்.