குடியை விட்டவருக்குச் சனிக்கிழமைதான் கண்டம்!

"ஏனுங்க, ஆஸ்பத்திரியில வெச்சு நல்லாத்தான் ஆக்கி அனுப்புனாங்க. முதல் சம்பளம் வாங்குன அன்னிக்கே மறுபடியும் குடிச்சுட்டு வந்து நிக்கிறாருங்க!"

திருப்பூர்ப் பக்கம் இந்தப் புலம்பலைக் கேட்காதவர்கள் குறைவு. பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் பார்த்த உடம்பு வலி, கையில் காசு, மறுநாள் லீவு, கூப்பிடும் சிநேகிதர்கள் என நாலும் ஒன்றுசேரும் நேரம் அது. வெளியூரிலிருந்து வந்து ஒரே ரூமில் நாலைந்து பேராகத் தங்கியிருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். 'வேண்டாம்ப்பா' என்று தடுக்கவும் பக்கத்தில் ஆள் இல்லை.

குடிக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. சர்க்கரை வியாதி போலத்தான் இதுவும். கட்டுக்குள் வைக்கலாம், அசந்தால் தலைதூக்கும். திட்டுவதாலோ, கோயிலில் சத்தியம் வாங்குவதாலோ மட்டும் தீராது.

இந்த இரண்டையும் செய்யாதீர்கள்!

பல வருஷம் தினமும் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதன்பின் இல்லாத ஆளிடம் பேசுவது, பிதற்றுவது என முற்றினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் கண்காணிப்பில் மருந்தும், பி1 வைட்டமினும் கொடுத்து நிறுத்துவதே சரி.

அடுத்தது, 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் மருந்துகள். அதில் டைசல்ஃபிரம் இருந்து, அவர் குடித்தும் விட்டால் வாந்தி, மூச்சுத் திணறல் வந்து ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம். அது டாக்டர் யோசனைப்படி, அவரே சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை.

வீடும் சேர்ந்தால்தான் வைத்தியம்

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே குடும்பத்தாருக்கும் தனியாக ஆலோசனை உண்டு. மஞ்சக்குடி கிராமத்தில் ஊர் ஆதரவோடு முகாமே நடத்தினார்கள். சுற்றியிருப்பவர்கள் கைகொடுத்தால்தான் சிகிச்சை நிலைக்கும் என்பதுதான் காரணம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* அவர் சம்மதத்தோடு, சம்பளத்தைப் பேங்க் கணக்குக்கு மாற்றுங்கள்.

* பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கும் குடி ஆசையைக் கிளப்பும். சனிக்கிழமை வேலை விட்டதும் சூடாகச் சாப்பாடு, கூடவே பேச ஒரு ஆள் இருக்கட்டும்.

* 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' இருக்கிறது.

* கம்பெனி நடத்துபவரா நீங்கள்? சிகிச்சைக்கு லீவு கொடுங்கள், வேலையை அவருக்காக வைத்திருங்கள். மருந்தின் தூக்கக் கலக்கம் தெளியும்வரை கட்டிங் மெஷினில் மட்டும் நிறுத்த வேண்டாம்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையும் அணுகலாம்.

நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால் 'எல்லாம் போச்சு' என்று கைகழுவி விடாதீர்கள். மறுநாள் காலையில் சண்டைக்கு நிற்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவர் குடிக்காமல் இருந்த நாட்கள் வீண் இல்லை. அவரால் முடியும் என்பதற்கு அவைதான் சாட்சி.