ரத்தத்தை வடிகட்டுகிறார்கள்!

காப்பியை வடிகட்டுகிறோம், குடிநீரை வடிகட்டுகிறோம். மனித ரத்தத்தையும் வடிகட்டுகிறார்கள் என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தானமாகக் கிடைத்த ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை நீக்கிவிட்டு நோயாளிக்கு ஏற்றும் முறை இன்று பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது.

வெள்ளை அணுக்கள் உடலின் காவல்காரர்கள் அல்லவா? அவற்றை ஏன் நீக்க வேண்டும்? காவல்காரனுக்கு மதிப்பு அவன் ஊரில்தான். வேறொருவர் உடலுக்குள் போனால் அவனும் அந்நியனே!

வகை பொருந்தியும் ஜுரம்

வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டீனர் 1901-ல் ரத்த வகைகளைக் கண்டறிந்தார். வகை பார்த்து ரத்தம் ஏற்றுவது பின்னர் வழக்கமாயிற்று. ஆயினும், பொருத்தமான ரத்தம் பெற்ற சிலருக்கும் குளிர் நடுக்கமும் ஜுரமும் கண்டன. பல தடவை ரத்தம் பெற்றவர்களிடம் இது அதிகம்.

பிரெஞ்சு டாக்டர் ழான் டோசே இத்தகையவர்களின் ரத்தத்தை ஆராய்ந்தார். பிறருடைய வெள்ளை அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் அதில் இருந்தது. வெள்ளை அணுக்களின் மேல் ஆளுக்கு ஆள் மாறுபடும் அடையாளங்கள் உண்டு. அவற்றில் முதலாவதை 1958-ல் அவர் விவரித்தார். 1980-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இந்த எதிர்ப்பொருளால் ஜுரத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களிலும் அதே வகை அடையாளங்கள் இருக்கின்றன. ஆகவே, ரத்தப் புற்றுநோயாளிக்கு ரத்தக் கசிவைத் தடுக்க ஏற்றும் தட்டணுக்களையும் எதிர்ப்பொருள் அழித்துவிடும். 1997-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், சாதாரண முறையில் தட்டணு பெற்ற ரத்தப் புற்றுநோயாளிகளில் 100-க்கு 13 பேருக்கு இவ்வாறு அது பயன்படாமல் போயிற்று. வடிகட்டியோ, புற ஊதாக் கதிர் பாய்ச்சியோ கொடுத்தபோது அது 3 முதல் 5 பேராகக் குறைந்தது.

பஞ்சு காட்டிய வழி

லண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங், பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1926-ல், ரத்தத்தைப் பஞ்சின் வழியே செலுத்திப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் பஞ்சில் ஒட்டிக்கொண்டன. சிவப்பு அணுக்கள் நழுவி வெளியே வந்தன.

இன்றைய வடிகட்டியும் அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. பஞ்சுக்குப் பதில் மிக மெல்லிய பாலியெஸ்டர் இழைகள், அவ்வளவே. மேலே ஒரு பை, கீழே ஒரு பை, நடுவே வடிகட்டி. ரத்தம் தானாக இறங்குகிறது. ஒரு பை ரத்தத்தில் 100 கோடிக்கு மேலும் வெள்ளை அணுக்கள் இருக்கும். வடிகட்டிய பின் 10 லட்சத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி; அமெரிக்காவில் 50 லட்சம்.

ரத்தம் எடுத்த ஓரிரு நாளில் வடிகட்டுவது நல்லது. சேமிப்பில் இருக்கும்போது வெள்ளை அணுக்கள் ஜுரத்தைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன. கடைசியில் நோயாளியின் கட்டிலருகே வடிகட்டினால் அணுக்கள் போகும். அந்தப் பொருள்கள் தங்கிவிடும்.

முன்கூட்டியே ஒரு முடிவு

மாடுகளின் பைத்திய நோயோடு தொடர்புள்ள புதிய மூளை நோய் ஒன்று மனிதர்களுக்கு வருவது 1996-ல் பிரிட்டனில் தெரியவந்தது. ரத்தத்தின் மூலமும் அது பரவுமோ என்ற சந்தேகம் எழுந்தது. அதற்கு அத்தாட்சி இல்லாத நிலையிலேயே, தானமாக வரும் ரத்தம் முழுவதையும் வடிகட்ட 1998-ல் அரசாங்கம் முடிவு செய்தது. 1999 இறுதிக்குள் அது அமலுக்கு வந்தது.

சந்தேகம் வீண்போகவில்லை. ஏற்றிய சிவப்பு அணுக்கள் மூலம் 4 பேருக்கு அந்நோய் தொற்றியிருந்தது பின்னாளில் தெரிந்தது. நால்வரும் பெற்றது, இந்த ஏற்பாட்டுக்கு முந்திய வடிகட்டாத ரத்தம்!

ஆனாலும் வடிகட்டி எல்லாவற்றையும் தடுத்துவிடாது. கிருமிப் பரிசோதனைகள் வழக்கம்போல் நடக்கவேண்டும். எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்களுக்கு, ரத்தத்தில் கதிரியக்கமும் பாய்ச்ச வேண்டியிருக்கிறது.

செலவு காரணமாக இந்தியாவில் எல்லா ரத்தமும் இவ்வாறு வடிகட்டப்படுவதில்லை. ஆயுளில் ஒரு தடவை ரத்தம் பெறுபவருக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே வளரவேண்டிய தாலசீமியாக் குழந்தைக்கு அப்படியல்ல. ஒவ்வொரு தடவையும் ஜுரமில்லாமல் அது வீடு திரும்புவதே பெரிய லாபம்.