கணிப்பொறியில் நமக்கென ஓர் அறை



2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை உங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்நாளில் நான் ஒரு கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தைக் கவனித்து வந்தேன். ஒருநாள் முற்பகலில் முதுகலை மாணவி ஒருத்தி என்னிடம் ஓடிவந்தாள். “சார், என் ஆய்வேடு முழுவதும் போய்விட்டது” என்றாள். அதற்குமேல் அவளுக்குப் பேச்சு எழவில்லை.

முதல் நாள் மாலை அவள் பணியை முடித்துக் கணிப்பொறியை நிறுத்தும் வேளையில் மின்சாரம் நின்றுவிட்டதாம். மறுநாள் காலையில் வழக்கம்போலப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே சென்றாள். திரை வெறுமையாக இருந்தது. அவள் வைத்த கோப்புகளில் ஒன்றையும் காணோம். வேர்டு மென்பொருள் புதிதாக வாங்கியது போலத் திறந்தது. தமிழ் விசைப்பலகையும் இல்லை. திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு தோன்றி மறைந்தது; அதனை அவள் படிக்கவில்லை. ஆய்வேட்டை மின்னஞ்சலில் எங்கேனும் அனுப்பியிருப்போமா என்று தேடி, ஓர் இயலின் பழைய படியைக் கண்டெடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திருத்தித் திரையிலேயே சேமித்து வைத்திருந்தாள். அப்போது பழுது பார்க்க வந்திருந்த இளைஞர் ஒருவர், “வட்டை முழுவதும் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிடலாம்” என்று கூறிவிட்டார். அதைக் கேட்டுத்தான் அவள் என்னிடம் ஓடிவந்தாள்.

“வெளியேறிவிட்டாயா?” என்று கேட்டேன். இல்லை என்றாள். அதுவே நற்காலம். உடனே அவள் திருத்திய இயலை ஒரு பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டேன். ஏன் என்பதைச் சற்று விளக்குகிறேன்.

மாணவர் விடுதி ஒன்றை எண்ணிப் பாருங்கள். சமையற்கூடமும் உணவு மண்டபமும் எல்லார்க்கும் பொது. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் தனி அறை உண்டு. அதில் அவருடைய பெட்டியும் நூல்களும் இருக்கும். யாருக்கு எந்த அறை என்பது காப்பாளரின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் கணிப்பொறியின் அமைப்பும் ஏறத்தாழ இத்தகையதே. வேர்டு போன்ற மென்பொருள்கள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்னும் பொது இடத்தில் இருக்கின்றன. பயனர் ஒவ்வொருவருக்கும் ‘யூசர்ஸ்’ என்னும் கோப்புறைக்குள் ஒரு தனி அறை உண்டு. இந்த அறையையே யூசர் புரொபைல் என்கின்றனர். தமிழில் பயனர் சுயவிவரம் என்று வழங்குகிறது.

அந்த அறையில் நம் கட்டுரைகளும் படங்களும் மட்டும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. ‘ஆப்டேட்டா’ என்று ஒரு மறைவான கோப்புறை அங்கே இருக்கிறது. நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் நம்மைப் பற்றித் தெரிந்துகொண்டவற்றையெல்லாம் அதில் எழுதி வைக்கின்றன. ‘என்டியூசர்.டாட்’ என்று ஒரு கோப்பும் உண்டு. எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை, எந்த மென்பொருளுக்கு என்ன விருப்பம் என்பன போன்ற நம் அமைப்புகள் அதில் அடங்கும். நாம் உள்ளே நுழையும்போது விண்டோஸ் அதனைத் திறக்கிறது, வெளியேறும்போது மூடிவைக்கிறது. மூடும் நேரத்தில் மின்சாரம் நின்றாலோ, வட்டில் இடம் நிறைந்துவிட்டாலோ, வேறொரு நிரல் அக்கோப்பை விடாமற் பிடித்துக்கொண்டிருந்தாலோ தொல்லை தொடங்குகிறது.

அறையைத் திறக்க முடியாதபோது விண்டோஸ் என்ன செய்கிறது? மாணவரைத் தெருவில் நிறுத்துவதில்லை. விருந்தினர் அறையில் ஒரு பாயை விரித்துக் கொடுக்கிறது. அதுவே தற்காலிகச் சுயவிவரம். மூலையில் தோன்றிய அறிவிப்பு அதைத்தான் கூறியது. ஆனால் இந்த விருந்தினர் அறையை நாம் விட்டு நீங்கியவுடன் உள்ளே இருப்பதையெல்லாம் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். மாணவி வெளியேறியிருந்தால் அவளுடைய இரண்டு மணி நேர உழைப்பும் அவ்வாறே போயிருக்கும். இளைஞர் சொற்படி வட்டைத் துடைத்திருந்தாலோ ஓராண்டு உழைப்பே போயிருக்கும்.

ஏனெனில் அவளுடைய பழைய அறை பூட்டியபடி அப்படியே இருந்தது. நிர்வாகியின் கணக்கில் நுழைந்து அவள் பெயரிலுள்ள கோப்புறையைத் திறந்து காட்டினேன். ஆய்வேட்டின் ஐந்து இயல்களும் வரிசையாக இருந்தன. அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தகைய வேளைகளில் கணிப்பொறியை ஓரிருமுறை நிறுத்தி மீண்டும் தொடங்கினாலே சரியாகிவிடுவதும் உண்டு. எங்களுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. ஆகவே காப்பாளரின் பதிவேட்டைப் பார்க்க வேண்டியதாயிற்று. ரெஜிஸ்ட்ரி என்பது அதன் பெயர். அதில் கைவைக்குமுன் அதற்கு ஒரு படியெடுத்துக்கொள்வது இன்றியமையாதது. தவறாக ஒன்றை அழித்தால் கணிப்பொறியே எழாமற் போகலாம். அதனுள் ‘புரொபைல் லிஸ்ட்’ என்ற பகுதியில் ஒவ்வொரு பயனருக்கும் ‘எஸ்-1-5-21’ என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று இருக்கும். எந்த எண்ணுக்கு எந்த அறை என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். அம்மாணவியின் எண் இரண்டு முறை இருந்தது. ஒன்று தற்காலிக அறையைக் காட்டியது. மற்றொன்றின் இறுதியில் ‘.பேக்’ என்னும் ஒட்டுச் சேர்ந்திருந்தது. அதுவே உண்மையான அறையைக் காட்டியது. முன்னதன் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, பின்னதிலிருந்த ஒட்டை நீக்கினேன். அதனுள் ‘ஸ்டேட்’, ‘ரெஃப்கவுண்ட்’ என்னும் இரண்டின் மதிப்பையும் 0 ஆக்கினேன். கணிப்பொறியை மீண்டும் தொடங்கினோம். அவள் கடவுச்சொல்லைக் கொடுத்தாள். பழைய திரை, பழைய கோப்புகள், தமிழ் விசைப்பலகை எல்லாம் வந்து நின்றன.

எல்லாத் தொல்லையும் இவ்வளவு பெரிதாக வருவதில்லை. பெரும்பாலும் ஒரே ஒரு மென்பொருள் மட்டும் முரண்டு பிடிக்கும். பலர் அதனை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவர். அது பழையபடியே முரண்டும். வியப்பு ஒன்றுமில்லை. மென்பொருளை நீக்கும்போது பொது இடத்திலிருப்பது போகிறதேயன்றி, நம் அறையில் அது எழுதி வைத்த அமைப்புகள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன. அடுப்பை மாற்றிப் பயனென்ன, கெட்டிருப்பது நம் பெட்டியிலுள்ள உப்பாக இருந்தால்? குறை எங்கே என்று அறிய எளிய வழி உண்டு. புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் அதே மென்பொருளை இயக்கிப் பாருங்கள். அங்கே நன்றாக நடந்தால் மென்பொருளின்மேற் பழியில்லை. நம் சுயவிவரத்தில்தான் கோளாறு. அங்கும் நடக்காவிடில் மென்பொருளையோ கணிப்பொறியையோ ஆராய வேண்டும். வேர்டு விடயத்தில் ‘நார்மல்’ என்னும் வார்ப்புருக் கோப்பு ஆப்டேட்டாவுக்குள் இருக்கிறது. வேர்டை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றி வைத்தால், அடுத்தமுறை திறக்கையில் வேர்டே புதியதொன்றைப் படைத்துக்கொள்ளும். அழிக்க வேண்டா, பெயரை மாற்றுவதே போதும். பழையது தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே!

சில வாரங்கள் சென்றபின் மற்றொரு கணிப்பொறியில் இதே நோய் கண்டது. பதிவேட்டைத் திருத்தியும் பயனில்லை, என்டியூசர்.டாட் கோப்பே சிதைந்திருந்தது. அத்தகைய அறையைப் பழுது பார்ப்பதைவிடப் புதிய அறைக்குக் குடிபெயர்வதே மேல் என்பது என் கருத்து. புதிய கணக்கைத் தொடங்கி, பழைய கோப்புறையிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் படியெடுத்தேன். என்டியூசர் என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் தொடவில்லை. அவற்றையும் கொண்டுசென்றால் நோயும் கூடவே குடிவந்துவிடும். பொது இடத்தில் நிறுவியிருந்த மென்பொருள்கள் தாமே கிடைத்தன. ஆப்டேட்டாவுக்குள் ஒருவருக்கென நிறுவப்பட்டிருந்த இணைய உலாவி மட்டும் காணப்படவில்லை. அதனை மீண்டும் நிறுவினேன். விருப்ப அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய அன்று மாலையாகிவிட்டது. கடைசியாகத் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தபோது மீண்டும் மின்சாரம் நின்றது.